மாதம் 2000 ரூபாய்: ஹோமுக்கா, ஒரு பிள்ளையின் படிப்புக்கா, பள்ளிக்கா?

தீபாவளி போனஸ் வரும்போதும், ஜூனில் பள்ளி திறக்கும்போதும் என்னிடம் ஒரே கேள்வியைப் பலர் கேட்பார்கள். இந்த முறை மூன்று பேர். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் ஒரு தம்பி, "அண்ணா, மாசம் 2000 ரூபாய் தனியா எடுத்து வெக்கப் போறேன். குழந்தைங்க ஹோமுக்குக் கொடுக்கவா, ஒரு பிள்ளையோட படிப்பை ஏத்துக்கவா?" என்றான். சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் ஒரு தங்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தர முடியும் என்றாள். அவள் இப்போது அந்நாட்டுக் குடிமகள். மூன்றாவது, திருநெல்வேலியில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் தம்பதி. "பென்ஷன்ல பெருசா ஒண்ணும் தர முடியாது தம்பி, ஆனா நேரம் நிறைய இருக்கு" என்றார் அந்த அம்மா.

மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. நான் மதுரையில் ஒரு மாலை நேர வகுப்பை நண்பர்களோடு சேர்ந்து நடத்தி வருகிறேன். பணம் போய்ச் சேரும் இடத்தையும் வீணாகும் இடத்தையும் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்து ஐந்து வழிகளை எடை போட்டு எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

பிள்ளை இரவில் எங்கே தூங்குகிறது? இதைத்தான் நான் முதலில் கேட்பேன். அம்மா, பாட்டி, சித்தி என்று யாராவது ஒருவர் பக்கத்தில் படுத்துத் தூங்கும் பிள்ளைக்கு உதவுவது வேறு, பெரிய ஹாலில் நாற்பது பேரோடு பாய் விரிக்கும் பிள்ளைக்கு உதவுவது வேறு. நம் பணம் பிள்ளையை வீட்டோடு வைத்திருக்க உதவ வேண்டும். வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோக உதவக் கூடாது.

அரசு கொடுப்பதையே நாமும் கொடுக்கிறோமா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் இன்று வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் வருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது.

ஆனாலும் நாம் ஓடி ஓடிக் கொடுப்பது நோட்டும் பேனாவும் மதியச் சாப்பாடும்தான். குழி எங்கே இருக்கிறது என்பதை எனக்குப் புரிய வைத்தவர் மாட்டுத்தாவணிப் பக்கம் பூக்கட்டும் ஓர் அம்மா. கணவர் இறந்து மூன்று வருடம். மூத்த மகள் எங்கள் மாலை வகுப்பில் படித்தவள், பிளஸ் டூவில் நல்ல மார்க். ஒரு ஜூன் மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, மடியில் மல்லிகை அரும்பைக் கொட்டி வைத்துக்கொண்டு வாழை நாரில் கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. முழங்கையில் வைத்து முழம் அளந்தபடியே பேசினார். "புக்கு, பேனா எல்லாம் குடுக்குறாங்க தம்பி. காலேஜுல சேர்க்க ஒரே நாள்ல ஒன்பதாயிரம் கட்டணும்ங்குறாங்க, ஹாஸ்டலுக்குச் சேர்த்து. அதத்தான் யார்ட்ட கேக்குறதுன்னு தெரியல." தோட்டை அடகு வைக்கலாம் என்று கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

கல்லூரி உதவித்தொகை பிறகு வரும், முதல் கட்டணம் முதலில் போக வேண்டும். சாரத்திலிருந்து விழுந்த அப்பாவுக்கு ஆறு மாதம் கூலி இருக்காது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் வீட்டில் நின்றுவிடுவாள். மீட்டர் வட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பார். படிப்பு நிற்பது இந்த மாதிரி இடங்களில்தான். நோட்டு இல்லாமல் பள்ளியை விட்ட பிள்ளையை நான் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை.

பணம் நின்றால் என்ன ஆகும்? நமக்கு வேலை போகலாம், கல்யாணம் ஆகலாம், வீட்டுக் கடன் வரலாம். அப்போது அந்தப் பிள்ளை நடுவழியில் நிற்குமா?

பிள்ளையின் மானம். படம் எடுத்து, பெயர் போட்டு, "இவனுக்கு அப்பா கிடையாது" என்று போஸ்டர் அடித்துப் பணம் திரட்டுகிறார்களா? பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பத்து வருடம் கழித்து அந்தப் பையன் வேலைக்கு இன்டர்வியூ போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும்.

கணக்கு. ரசீது, ஆண்டுக் கணக்கு, வரிச் சலுகை. இதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

## வழி 1: ஹோமுக்குக் கொடுப்பது

நம்மில் பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு. மனம் நிறையும், அதில் தவறு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் மகள் பிறந்தநாளுக்காக நானும் ஒரு ஹோமுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பிரியாணி போட்டு முடித்திருந்தார்கள். ஒன்றரைக்கு நாங்கள். நான்கு மணிக்கு இன்னொரு குடும்பம் கேக்கோடு வர இருந்தது. கேக்கை மேசையில் வைத்ததும் பிள்ளைகள் தாமாகவே வரிசையாக வந்து நின்றார்கள். முன்னால் நின்ற பையனுக்கு எட்டு வயது இருக்கும். என்னைப் பார்த்து, "சார், இப்ப யார் பேருக்குப் பாடணும்?" என்று கேட்டான். அன்றைக்கு அவன் பாடும் இரண்டாவது பாட்டு அது. வயிறு நிறைந்திருந்ததால் பாதிப் பேர் சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டையும் நோட்டுக் கட்டும் கூரை வரை இருந்தன. பெண் பிள்ளைகளின் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவில் தங்க வேண்டிய வார்டன் சம்பளம் போதாமல் போன மாதம் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகளில் இது முதலாவது. நாம் கொடுக்க விரும்புவது ஒன்று, அங்கே தேவைப்படுவது வேறொன்று. இரண்டாவது அதைவிடக் கனமானது. ஹோமில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அநாதைகள் அல்ல. அப்பாவோ அம்மாவோ இருந்தும், வறுமையால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் நிறைய. கம்போடியாவில் இதை எண்ணியே பார்த்தார்கள். சுற்றுலா வந்தவர்களின் நன்கொடையால் அங்கே காப்பகங்கள் பெருகின, அவற்றில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். ஹோமுக்குப் பணம் பெருகினால் படுக்கை பெருகும். படுக்கை பெருகினால் நிரப்பப் பிள்ளை தேடுவார்கள்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். வருடக் கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி கூடியது. இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். சோறும் துணியும் இரண்டு பக்கமும்தான் இருந்தன, தூக்கி வைத்துக்கொள்ள ஒரே ஆள் என்பது ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது.

எப்போது இதுவே சரி? உண்மையிலேயே யாரும் இல்லாத பிள்ளை, வீட்டிலேயே அடியும் கொடுமையும் பட்ட பிள்ளை, ரயில் நிலையத்தில் கண்டெடுத்த பிள்ளை, கடுமையான உடற்குறையால் வீட்டில் பார்க்க முடியாத பிள்ளை ஆகியோருக்கு நல்ல ஹோம் வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு உண்டா? (பதிவில்லாமல் நடத்துவது குற்றம், ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.) ஒவ்வொரு பிள்ளைக்கும், அதை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு உண்டா? மூன்றாவதுதான் என் கேள்வி: "போன வருஷம் எத்தனை பிள்ளைங்களைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினீங்க?" நல்ல ஹோம் நடத்துபவர் இதற்கு முகம் மலர்ந்து பதில் சொல்வார். கொடுத்தால் வார்டன் சம்பளத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் கொடுங்கள். சாப்பாடு போட ஆள் வருவார்கள்.

## வழி 2: அமைப்பு வழியாக ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்பது

மாதம் இவ்வளவு என்று கட்டினால் ஒரு பிள்ளையின் படமும் கடிதமும் வரும். பேச்சு வழக்கில் "தத்தெடுத்துப் படிக்க வைக்கிறேன்" என்போம். சட்டப்படி தத்து என்பது முற்றிலும் வேறு.

இது வெறும் உணர்ச்சி வியாபாரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி ஒதுக்க மாட்டேன். பொருளாதார ஆய்வாளர் ப்ரூஸ் வைடிக்கும் வேறு இருவரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் பிள்ளைகளை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பார்த்தது. உதவி பெற்றவர்கள் ஓராண்டுக்கும் மேல், கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களும் கூடுதல். பணம் மட்டுமல்லாமல், "நீ படிப்பாய்" என்று ஒருவர் தொடர்ந்து நம்பியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் எண்ணம். என் அனுபவமும் அதுதான்.

மறைந்த செலவு? படம் எடுக்க, கடிதம் மொழிபெயர்க்க, தபால் அனுப்ப ஆள் வேண்டும். அதற்கு நம் பணம்தான் போகிறது. பெரும்பாலான அமைப்புகளில் நாம் கட்டுவது நேராக அந்தப் பிள்ளையின் கைக்குப் போவதில்லை, ஊர்ப் பொதுத் திட்டத்துக்குப் போகிறது. அது தவறில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பார்சல் வந்து தங்கைக்கு வராவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பெரிய ஆபத்து, நிற்பது. நான் மேலே சொன்ன கம்பேஷன் அமைப்பு வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டுச் சட்டச் சிக்கலால் 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையை மூட வேண்டி வந்தது. அப்போது ஏறக்குறைய 1,45,000 பிள்ளைகள் அதன் உதவியில் இருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் இங்கே வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அதில் கை இல்லை என்பது மட்டும் போதும்.

எப்போது இதுவே சரி? ஐந்து வருடமாவது தொடர முடியும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கும், ஊரில் நேரடித் தொடர்பு இல்லாதவர்களுக்கும். பிள்ளையின் தனிப்பட்ட படத்தையும் வீட்டுக் கதையையும் கேட்காமலே கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

## வழி 3: தெரிந்த குடும்பத்துக்கு நேராகக் கொடுப்பது

வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகன், வாட்ச்மேன் அண்ணனின் பேத்தி என்று யாராவது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ரூபாய் கொடுத்தால் ஒரு ரூபாயும் போய்ச் சேரும். நான் சொன்ன அந்த ஜூன் மாத ஒன்பதாயிரத்தை அடைக்க இதைவிட வேகமான வழி கிடையாது.

"கையில கொடுத்தா குடிச்சிடுவாங்க" என்ற பயத்தை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 2014இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏழைக் குடும்பத்துக்குப் பணமாகக் கொடுத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. அம்மா கையில் போகும் பணம் அரிசியாகவும் மருந்தாகவும் பஸ் காசாகவும்தான் மாறுகிறது.

இதில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்று ஆகிவிடுகிறது. பிறகு அந்த அக்கா சம்பள உயர்வு கேட்கக் கூசுவார். பெண்ணுக்கு நர்ஸிங் படிக்க ஆசை இருக்கும், பணம் கொடுப்பவர் பி.காம். நல்லது என்பார், "நீங்க சொன்னா சரிங்க சார்" என்று அது முடிந்துவிடும். எங்கள் குழுவிலேயே ஒருமுறை இப்படி நடந்தது. கோர்ஸை மாற்றச் சொன்னது நாங்கள்தான். அந்தப் பெண் இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கட்டணத்தைக் கல்லூரிக் கணக்கில் கட்டுவோம், என்ன படிப்பது என்று வாய் திறக்க மாட்டோம், கேட்டால் மட்டும் விவரம் சொல்வோம். வேலை செய்பவர் என்றால் முதலில் சம்பளத்தை உயர்த்துங்கள், உதவி அப்புறம்.

எப்போது இதுவே சரி? ஒரே தடவைச் செலவாக இருக்கும்போது. சேர்க்கைக் கட்டணம், ஆபரேஷன், வாடகை அட்வான்ஸ், வட்டிக் கடனை முடிப்பது. மாதா மாதம் என்றால் உங்கள் பெயர் முன்னால் தெரியாதபடி பள்ளி ஆசிரியர் ஒருவர் மூலமாகப் போகட்டும்.

## வழி 4: மாலை நேர வகுப்பு

நான் இதில் இருப்பவன், அதனால் என் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கணக்கு எளிது. அதே தெருவில் பிளஸ் டூவோ டிகிரியோ முடித்த ஒரு பெண், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, இருபது பிள்ளைகள். எங்கள் மையத்தில் ஆசிரியைக்கு மாதம் 4000 கொடுக்கிறோம். இரண்டு பேர் ஆளுக்கு 2000 போட்டால் ஒரு வகுப்பு ஓடும். ஒரு பிள்ளைக்கு மாதம் 200 ரூபாய்தான் ஆகிறது. பிள்ளை அம்மாவிடமே தூங்குகிறது, யாருடைய படமும் எங்கும் போவதில்லை, அந்த ஆசிரியைக்கும் ஒரு வருமானம்.

பலன் உண்டா என்றால், உண்டு. 2001 முதல் 2003 வரை வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற கல்வி அமைப்பு உள்ளூர் இளம்பெண்களை வைத்துப் பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் அடிப்படை சொல்லிக் கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் அதை அளந்தார்கள். கணிசமான முன்னேற்றம் தெரிந்தது, செலவோ ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டே கால் டாலர்தான். நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளை, பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் வேறு இருவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மாலை வகுப்பால் வந்தது.

மறைந்த செலவு, ஆள். ஆசிரியைக்குக் கல்யாணமாகி வெளியூர் போனால் வகுப்பு ஒரு மாதம் படுத்துவிடும். எங்களுக்கு மூன்று முறை அப்படி ஆனது. வீட்டுப்பாடம் எழுதித் தரும் இடமாக மாறிவிடாமல் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை "கப்பல்" என்ற சொல்லை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறினால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அல்ல. இன்னொன்று, வீட்டில் பசியும் கடனும் இருந்தால் மாலை வகுப்பு மட்டும் எதையும் தடுக்காது. பூக்காரம்மாவின் மகள் எங்களிடம் ஆறு வருடம் படித்தாள். அந்த ஒன்பதாயிரத்துக்கு முன்னால் எங்கள் வகுப்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எப்போது இதுவே சரி? பக்கத்தில் இருப்பவர்களுக்கும், நாலு பேர் சேர்ந்து கொடுக்க முடிந்தவர்களுக்கும், வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்க முடிந்தவர்களுக்கும்.

## வழி 5: படித்த அரசுப் பள்ளிக்கே கொடுப்பது

2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" மூலம் எந்த அரசுப் பள்ளிக்கும் இணையவழியில் கொடுக்கலாம். முன்னாள் மாணவர்களுக்கு இது பிடித்தமான வழி. ஒருவருடைய உதவி முந்நூறு பிள்ளைக்குப் போகிறது, யாரையும் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது பராமரிப்பு. சுவரில் படம் வரைவதற்கும் ஸ்மார்ட் போர்டு வாங்குவதற்கும் பணம் வந்துவிடும். கழிப்பறையைத் தினம் கழுவுபவரின் கூலிக்கு வராது. எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் போவதற்கு அந்தக் கழிப்பறை ஒரு காரணம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் மட்டும் கேட்காமல் அந்த அம்மாக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பிள்ளை வீட்டோடு இருக்குமா | பணம் நின்றால் | எதில் கவனம் |
|---|---|---|---|
| ஹோம் | இருக்காது | ஹோம் சமாளிக்கும், ஆனால் தரம் குறையும் | பதிவு, வீடு திரும்பிய பிள்ளைகள் |
| அமைப்பு வழி | பெரும்பாலும் இருக்கும் | நடுவழியில் நிற்கலாம் | ஐந்து வருட உறுதி, படம் |
| நேராக | இருக்கும் | ஒரு தடவைச் செலவென்றால் பாதிப்பு இல்லை | கை மேலே, கை கீழே |
| மாலை வகுப்பு | இருக்கும் | வகுப்பு படுக்கும், பள்ளி தொடரும் | ஆசிரியை |
| அரசுப் பள்ளி | இருக்கும் | பாதிப்பு குறைவு | பராமரிப்பு |

## வரி, வெளிநாட்டுப் பணம்

நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், புதிய முறையில் கிடையாது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்குச் சலுகை இல்லை. நேராகக் குடும்பத்துக்குக் கொடுப்பதற்கும் இல்லை.

வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், பிறந்தது மானாமதுரையாக இருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி பெறும் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் அதன் கணக்கில் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சின்னச் சின்ன ஊர் அமைப்புகள் பலவற்றுக்கு இந்தப் பதிவு கிடையாது. "பரவாயில்லை, அனுப்புங்க, பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அனுப்பாதீர்கள். மாட்டிக்கொள்வது அங்கே இருக்கும் பிள்ளைகள்தான்.

## கேட்ட மூவருக்கும்

சென்னைத் தம்பிக்கு: மாதம் 1000 ரூபாயை உன் வீட்டுப் பக்கத்தில் நடக்கும் ஒரு மாலை வகுப்புக்குக் கொடு. மீதி 1000 ரூபாயைத் தனிக் கணக்கில் சேர்த்து வா. ஒரு வருடம் சேர்த்தால் ஜூனில் 12,000 இருக்கும். அதை ஒரே ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்குக் கட்டு. அடுத்த வருடம் வேறு பிள்ளை. உனக்கு வேலை மாறினாலும் யாரும் நடுவில் நிற்க மாட்டார்கள்.

சிங்கப்பூர்த் தங்கைக்கு: உன் பாஸ்போர்ட்டால் மூன்றாவது வழி உனக்குச் சிக்கல். பதிவு உள்ள, ஆண்டுக் கணக்கை வெளியிடும் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடு. பிள்ளையின் படம் வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுது. ஐந்து வருடம் முடியாது என்று தோன்றினால் ஒரு பிள்ளையின் பெயரில் கட்டாமல் பொது நிதிக்குக் கொடு.

திருநெல்வேலி அம்மாவுக்கும் ஐயாவுக்கும்: நீங்கள் செய்யக்கூடியதுதான் மூன்றிலும் பெரியது என்று நினைக்கிறேன். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று இருக்கிறது. கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயிடம் வளரும் பிள்ளைக்கும், உறவினரிடம் வளரும் பெற்றோரில்லாத பிள்ளைக்கும் மாதம் 4000 ரூபாய். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000க்குள்ளும், நகரத்தில் 96,000க்குள்ளும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் பார்க்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் மாதம் 2000. தகுதியுள்ள பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது.

பூக்காரம்மாவுக்கும் தெரியாது. மகளின் ஒன்பதாயிரத்தை நாங்கள் ஆறு பேர் போட்டுக் கட்டினோம், தோடு காதுக்குத் திரும்பியது. ஏழாவது படிக்கும் மகனுக்கு நிதி ஆதரவு கேட்டு மனு எழுதி, அவரோடு எங்கள் குழுவில் ஒருவர் நான்கு முறை போய் வந்தார். பூ வியாபாரம் காலையில்தான் என்பதால் எல்லா முறையும் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனார்கள். ஏழு மாதம் கழித்துப் பணம் வரத் தொடங்கியது. நாங்கள் கட்டிய ஒன்பதாயிரம் ஒரு தடவையோடு முடிந்தது. இது ஆண்டுக்கு 48,000, எங்கள் கையிலிருந்து போனது பஸ் காசு மட்டும்.

உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்று கலெக்டர் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். 1098க்கு அழைத்தும் கேட்கலாம். ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான போனஃபைடு சான்று, பிள்ளை பெயரும் அம்மா பெயரும் சேர்ந்த வங்கி பாஸ்புக், இவற்றில் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் குறைவது வருமானச் சான்றுதான், அதனால் இ-சேவை மையத்தில் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், ஆதாரையும் பள்ளிச் சான்றையும் வீட்டிலேயே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள், அந்த எண்ணை அம்மாவின் போனிலும் உங்கள் போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.